நெற்றிக்கு ஒரு காசு

“மாமா, ஒரு ரூபாக் காசு ஒண்ணு வேணுமுங்க” என்று மைத்துனன் ஈஸ்வரமூர்த்தி வந்து கேட்டபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் மனைவி துளசிமணியைக் குளிப்பாட்டி, அரக்குச் சேலை கட்டி, நெற்றியில் முழு வட்டமாகக் குங்குமம் அப்பிக் கிடத்தியாயிற்று. அந்தக் குங்குமத்தின் மேல் ஒரு காசு ஒட்ட வேண்டும், வழக்கம் அப்படி, காசு ஒட்டினால்தான் அடுத்த காரியம். ஈஸ்வரமூர்த்தி முதலில் தன் சட்டைப் பையைத் துழாவினான், பிறகு வந்திருந்தவர்களும் ஆளாளுக்குத் துழாவினார்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது, கார்டு இருந்தது, எல்லார் கையிலும் போன் இருந்தது, ஒரு ரூபாய்தான் இல்லை. பால்காரனுக்கும் போனைக் காட்டி, கீரைக்காரிக்கும் போனைக் காட்டிப் பழகிய கோயமுத்தூரில் சில்லறைக்கு எங்கே போவது. துளசிமணி பஸ்ஸுக்கென்று சமையலறையில் ஒரு டம்ளர் நிறையச் சில்லறை போட்டு வைத்திருந்தவள்தான். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு அந்த டம்ளரில் ஏலக்காய் இருக்கிறது. அப்போதுதான் ஈஸ்வரமூர்த்திக்குப் பளிச்சென்று பட்டது. “அட, நம்ம மாமா ஊட்டுல இல்லாத காசா! பீரோ பூராக் காசுதானுங்களே!” என்றான். சாவு வீடு என்பதை மறந்து யாரோ ஒருவர் சிரிக்கக்கூடச் சிரித்துவிட்டுப் பிறகு இருமினார். சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். பீரோவைத் திறக்கும்போது தாழ்ப்பாள் போடுவது அவருடைய வழக்கம்.

தாழ்ப்பாள் போட்டது வழக்கம், ஃபேனை நிறுத்தியது வழக்கம், காற்றில் தூசி பறக்கும், தூசி காசின் முகத்தில் உட்காரும். ஜன்னல் எப்போதும் சாத்தித்தான் கிடக்கிறது. மேல்தட்டிலிருந்து வெள்ளைப் பருத்தி உறையை எடுத்து இரண்டு கையிலும் மாட்டிக்கொண்ட பிறகுதான், தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. வெளியே பெண்டாட்டியைக் கிடத்திவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறாயே, மனுஷனா நீ? கழற்றலாம் என்று நினைத்தார். ஆனால் வெறும் விரலால் தொட்டால் விரல் ரேகை பதியும், வியர்வை வேறு, ஆறு மாதத்தில் அந்த இடம் கறுத்துவிடும், பிறகு எந்தத் துணியாலும் போகாது. முப்பது வருஷமாகக் காசு சேர்க்கிற எல்லாருக்கும் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். எரிக்கப் போகிற காசில் ரேகை பதிந்தால் என்ன, பதியாவிட்டால் என்ன? எரிக்கிறார்களா அந்தக் காசை, இல்லை மயானத்தில் எடுத்துக்கொள்கிறார்களா? அப்பாவுக்கு ஒட்டியபோது என்ன ஆயிற்று? நினைவில்லை. அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? காசைப் பற்றிய நினைப்பு ஓடுகிற ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் துளசிமணியை நினைக்க வேண்டும் என்று அவர் கண்ணை மூடினார். துளசி என்று மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார். மூடிய கண்ணுக்குள் பீரோவின் தட்டுகள்தான் தெரிந்தன. இந்தப் பீரோ அவளுடைய சீர்வரிசையில் வந்தது. ஆரம்பத்தில் மேல்தட்டு மட்டும் போதும் என்றுதான் கேட்டார், அவளும் சிரித்துக்கொண்டே ஒழித்துக் கொடுத்தாள். பிறகு நடுத்தட்டு, பிறகு கண்ணாடி வைத்த உள்ளறை, பிறகு அவளுடைய பட்டுச் சேலைகள் ஒவ்வொன்றாக சூட்கேஸுக்குப் போய், சூட்கேஸ் பரணுக்குப் போயிற்று. இன்று விடியற்காலையில் மகள் சுகந்தி ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்துதான் அந்த அரக்குச் சேலையை இறக்கினாள். பாச்சை உருண்டை வாசம் இன்னும் வீடெல்லாம் இருக்கிறது.

சரி, எடு. எதை எடுப்பது? நூறு ரூபாய், நூற்றிருபத்தைந்து ரூபாய், நூற்றைம்பது ரூபாய் என்று எந்தக் கடையிலும் புழங்காத மதிப்பில் அடித்த காசுகள், வட்டக் கண்ணாடிச் சிமிழுக்குள், சிமிழ் வெல்வெட் பெட்டிக்குள், பெட்டி அட்டை உறைக்குள். ஒவ்வொன்றும் மெதுவடை அளவு. அதை நெற்றியில் ஒட்டினால் புருவம் மறைந்துவிடும். தவிர, ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஒரு தலைவருக்கு நூற்றாண்டு, அதே தலைவருக்கு நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு, விட்டார்களா, நூற்றைம்பதாம் ஆண்டு. தாடி வைத்த பெரியவர், தலைப்பாகை கட்டிய பெரியவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். துளசிமணியின் நெற்றியில் யாரோ ஒரு தாடிக்காரரை ஒட்டி அனுப்புவதா? அவளுக்கு அவர் யாரென்றே தெரியாதே. முகம் வேண்டாமென்றால் கட்டடம் இருக்கிறது. ஒரு நீதிமன்றத்துக்குப் பொன்விழா, ஒரு துறைமுகத்துக்கு வைரவிழா, ஒரு கணக்குத் துறைக்கு நூற்றைம்பது, இரண்டே நாள் நடந்து முடிந்து வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப்போன ஒரு மாநாட்டுக்கும் காசு. தெரியாமல்தான் கேட்கிறேன், அந்த மாநாட்டில் என்ன பேசினார்கள் என்று அதில் பேசியவனுக்காவது நினைவிருக்குமா? அதை வாங்குவதற்கு அவர் எத்தனை நாள் அலைந்தார்! இப்போது அது வெல்வெட்டில் சொகுசாகப் படுத்திருக்கிறது. வெளியே ஐஸ் பெட்டிக்கு இழுத்திருந்த வயரை யாரோ திரும்பச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்படியென்றால் நேரம் ஆகிவிட்டது. “மாமா, கெடைச்சுதுங்களா?” என்று ஈஸ்வரமூர்த்தியின் குரல். சென்னியப்பன் அடுத்த பெட்டியைத் திறந்தார்.

நாணயச் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய வாக்குவாதமே நடந்தது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம், வாழை இலை வாசம் போகாத மேசைகள், அதன்மேல் காசுகள். அரசாங்கம் நினைவு நாணயங்களை அளவுக்கு மேல் அடிக்கிறதா இல்லையா என்று பேச்சு. தலைவர் ரங்கராஜ், முன்னாள் தலைமையாசிரியர், குச்சி இல்லாத குறைதான், எழுந்து நின்று வெளுத்து வாங்கினார். “முந்தியெல்லாம் வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு வருமுங்க, பேங்க்ல வரிசைல நின்னு வாங்குவோம், கறிக்கடைக்காரர் மிச்சம் குடுக்கறப்பக் கைல விழுகும், ஊரே பாத்துது. இப்ப மாசம் ஒண்ணு. கடைக்கும் வராது, கைக்கும் வராது, போட்ட வெலைக்கு மேல பல மடங்கு வெச்சு நம்மகிட்டயே விக்கறாங்க. செலவு பண்ண முடியாத காசு ஒரு காசுங்களா? இது ஞாபகமில்லீங்க, யாவாரம்!” என்றார். அதற்குச் சென்னியப்பன் எழுந்து பதில் சொன்னார். மில்லில் நூல் பரிசோதனைக் கூடத்தில் காலமெல்லாம் பூதக்கண்ணாடியும் கையுமாக வாய் பேசாமல் இருந்த மனிதர், அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பேச்சு. “ஞாபகம் வெச்சுக்கறதுல என்னுங்க அளவு? பெத்தவங்களுக்கு வருசா வருசம் சாமி கும்படறோம், போதும்னு யாராச்சும் சொல்றோமா? ஒரு அரசாங்கம் மறக்காம இருக்குதுன்னா அது தப்புங்களா?” என்று கேட்டார். கைதட்டல். ரங்கராஜே தட்டினார். அந்தக் கைதட்டலை அப்படியே கீழே விழாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மொச்சை உரித்துக்கொண்டிருந்த துளசிமணியிடம் சொன்னார். அவள் உரித்த தோலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, “ஏனுங்க, மறக்க மாட்டோம்னு தெரிஞ்சா எதுக்குங்க காசு அடிக்கோணும்? அடிச்சுப் போட்டம்னா ஞாபகம் அந்தக் காசுகிட்டப் போயிருமுங்க. அப்பறம் நம்முளுக்கு வேலையில்லை” என்றாள். அவருக்கு வந்ததே கோபம். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொன்னார். புரியாதென்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவள் மறுபடி மொச்சையை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கா புரியாது? அரசாங்கக் கணக்கில் அவளும் ஒரு நாணயச் சேகரிப்பாளர் அல்லவா! ஒரு ஆளுக்கு இத்தனைதான் என்று நாணயச்சாலைக்காரர்கள் கட்டுப்பாடு வைத்தபோது, சங்கத்தில் எல்லாரும் செய்ததைத்தான் சென்னியப்பனும் செய்தார். பெண்டாட்டி பேரில் ஒரு கணக்குத் திறந்தார். அவளுடைய ஆதார், அவளுடைய போன் நம்பர். புதுக் காசுக்கு முன்பதிவு திறக்கிற அன்றைக்குக் காலையில் இவர் கம்ப்யூட்டர் முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார், அங்கே சமையலறையில் அவள் போன் கிணுங்கும், தாளிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து ஓடிபி நம்பரை வாசிப்பாள். ஒருதரம்கூடத் தப்பாக வாசித்ததில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் அவளை வார்டில் போட்டிருந்தபோதும் ஒரு முன்பதிவு வந்தது. விட்டிருக்கலாம். விட்டால் வரிசையில் ஒரு ஓட்டை. ஒரு ஓட்டை விழுந்துவிட்டால் அதற்கு முன்னால் வாங்கிய அத்தனைக்கும் அர்த்தமில்லை, அப்படித்தான் அவருக்கு. அரசாங்கம் அடித்துக்கொண்டே இருக்கும், இவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நிற்க ஒரு இடமும் கிடையாது. தாழ்வாரத்தில் நின்றுகொண்டு தம் போனில் எல்லாவற்றையும் நிரப்பினார். உள்ளே தலையணைக்குப் பக்கத்தில் அவள் போன் கிணுங்கியது. ஓடினார். அவளே எடுத்துக் கையில் வைத்திருந்தாள். மூக்கில் குழாய். கண்ணாடி இல்லாமல் போனைத் தூரத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, மூச்சு வாங்கி வாங்கி, அவருக்கு வாசித்தாள். அன்று மாலையே அவளைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள், அதற்கப்புறம் பேச்சில்லை, கையைப் பிடித்தால் பிடிப்பாள், அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் கடைசியாக அவரிடம் சொன்னது ஒரு ஓடிபி. அது என்ன எண் என்றுகூட இப்போது அவருக்கு நினைவில்லை. நினைவில் வைத்திருந்தால் மட்டும் என்ன, அதை வைத்து என்ன செய்ய முடியும்? ஆனாலும் நினைவில்லையே என்று நெஞ்சைக் கிள்ளியது. அந்தக் காசு இன்னும் வந்து சேரவில்லை. இன்னும் சில மாதத்தில் வரும், துளசிமணி என்று பேர் போட்டு, தபால்காரர் கதவைத் தட்டி அம்மா கையெழுத்து வேணுமுங்களே என்பார். அதற்கு அவர் என்ன பதில் சொல்வார்?

கதவு தட்டும் சத்தம் நிஜமாகவே கேட்டது. “அப்பா” என்றாள் சுகந்தி. “அப்பா, காசு கெடைக்கலீன்னா விடுங்க. வெளிய வாங்க போதும்.” பிறகு குரலைத் தாழ்த்தி அங்கே நிற்கும் யாரிடமோ, “சத்தமே காணம் மாமா, எனக்குப் பயமா இருக்குது” என்றாள். “விடு புள்ள” என்றான் ஈஸ்வரமூர்த்தி. “எல்லாருக்கு முன்னாலயும் அழுகறதுக்கு மனுசனுக்குக் கூச்சமா இருக்கும். அழுது முடிச்சுட்டு வரட்டும்.” சென்னியப்பன் இதைக் கேட்டார். அழுதுகொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பருத்தி உறை காய்ந்தே இருந்தது. வியர்வைதான் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. இந்த அறையில் காற்றே இல்லை. ஃபேனைப் போடலாம், போட மாட்டார், பீரோ திறந்திருக்கிறது. பீரோவைச் சாத்தலாம், சாத்த முடியாது, காசு எடுக்கவில்லை. காசை எடுக்கலாம். எதை? இப்படியே மாவு ஆட்டுகிற கல் மாதிரி அதே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது புத்தி. கீழ்த்தட்டில் ஒரு ரூபாய்க் காசுகள் போட்ட ஆல்பம் இருக்கிறது, அதுதான் அளவு, அதுதான் வழக்கம், அதில் ஒன்றை உருவினால் ஆயிற்று. குனிந்து எடுத்துப் பிரித்தார். பிளாஸ்டிக் பைகள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இது கிடைப்பது கஷ்டம். இது நல்ல நிலையில் இனிக் கிடைக்காது. இது சர்வதேசக் குடும்ப ஆண்டுக்கு அடித்தது, பளபளப்பு போகாதது, இதைப் போய்... இது வேண்டாம். இன்னொரு பக்கம். இன்னொரு பக்கம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே விரல் வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தது, பிறகு அவருக்குத் தெரிந்தது. டூப்ளிகேட் தேடுகிறார். ஒரே காசு இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிடலாம், வரிசையும் கெடாது, சடங்கும் நடந்துவிடும். டூப்ளிகேட்டுகளையெல்லாம் போன சங்கக் கூட்டத்தில் மாற்றிக்கொண்டாயிற்றே என்ற நினைப்பும், ச்சீ, கட்டின பெண்டாட்டிக்கு டூப்ளிகேட்டா என்ற நினைப்பும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்தன. முதலில் வந்தது எது என்பதை அவர் கவனித்துவிட்டார். அதைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

அவர் தரையில் உட்கார்ந்தார். கால் மடங்க மறுத்தது, பீரோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள், இல்லை, கஞ்சத்தனம் இல்லை. அவள் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொடுத்திருப்பார். கேட்டதில்லையே அவள், ஒருதரம் மட்டும், விளையாட்டாக, இதக் குடுத்தா கடைல கத்திரிக்கா குடுப்பாங்களா என்று கேட்டுவிட்டு, பத்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள், கடையில் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், திரும்ப வந்து அதே இடத்தில் வைத்தாள்; சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அந்தச் சிரிப்பு எந்தத் தட்டில் இருக்கிறது? அதற்கு யார் காசு அடித்தார்கள்? யாரும் அடிக்கவில்லை, அதனால்தான் அது இன்னும் அவரிடம் இருக்கிறது. அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது நினைப்பு. காசு அடித்துவிட்டால் முடிந்தது. மாநாட்டுக்கு அடித்தார்கள், முடிந்தது. பெரியவருக்கு அடித்தார்கள், மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கிளம்பிப் போனார்கள். மறப்பதற்கு ஒரு மரியாதையான வழி. இவரும் அதற்குத்தான் கைதட்டல் வாங்கினார். வெளியே ஒரு காசுக்காகத்தான் எல்லாம் நின்றுகொண்டிருக்கிறது. காசை ஒட்டுவார்கள், வாய்க்கரிசி போடுவார்கள், வண்டி வாசலில் நிற்கிறது, ஏற்றுவார்கள். காசு ஒட்டாதவரை துளசிமணி கூடத்தில் இருப்பாள். அட கடவுளே, இதுதானா? இதற்குத்தானா இந்த வயசில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? இது தெரிந்ததும் ஒரு நிமிஷம் அவருக்கு நிம்மதியாக இருந்தது, தாம் அப்படியொன்றும் மோசமான ஆள் இல்லை என்று. அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. இது உண்மையா, இல்லை குடும்ப ஆண்டுக் காசைக் கொடுக்க மனசில்லாமல் புத்தி கட்டிவிட்ட கதையா? பாசமா, பிசுநாரித்தனமா? இரண்டும் ஒரே அறையில் ஒரே உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எது எது என்று யார் பிரித்துச் சொல்வது? அவரால் சொல்ல முடியவில்லை. அவளைக் கேட்டால் சொல்லியிருப்பாள்.

“அப்பா!” இந்தத் தடவை சுகந்தி கதவை உள்ளங்கையால் அடித்தாள். அவள் குரலில் பயம் நிஜமாகவே இருந்தது. பிள்ளையைப் பயமுறுத்துகிறோம் என்று அவருக்கு உறைத்தது. அம்மாவை விடியற்காலையில் பறிகொடுத்தவள், இப்போது அப்பனுக்காகக் கதவை அடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் கையுறைகளைக் கழற்றினார். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எது என்று பார்க்கக் கூடாது. வெறும் விரலை ஏதோ ஒரு பையில் விட்டார். பிளாஸ்டிக் விறைப்பாக இருந்தது, வரவில்லை, நகத்தால் கிழித்தார், கிழிகிற சத்தத்தில் அவர் பல் கூசியது. காசு கையில் விழுந்தது. குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தப் பீரோவில் இருக்கிற எதையும் அவர் வெறும் தோலால் தொட்டதில்லை. இறுக்கி மூடிக்கொண்டார், வியர்வை பிசுபிசுவென்று அதில் ஒட்டியது, ஒட்டட்டும், கறுக்கட்டும், இனி இது சங்கத்தில் யாருக்கும் ஆகாது. அவளுக்கு ஆகும். இதைக் கொண்டுபோய் நானே ஒட்டுவேன், என் கையால், ஈஸ்வரமூர்த்தி இல்லை, நான். எழுந்திருக்க இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. பீரோ திறந்தபடியே கிடக்க, தாழ்ப்பாளை நீக்கினார்.

வெளியே வெளிச்சத்தில் கண் கூசியது. கூட்டம் வழிவிட்டது. சுகந்தி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்கின கண்ணால் அவர் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். “வாங்க மாமா” என்றான் ஈஸ்வரமூர்த்தி, மிகவும் மெதுவாக, நோயாளியிடம் பேசுகிறவனைப் போல. “காசு ஆச்சுங்க. பக்கத்தூட்டக்கா சுருக்குப் பையில ஒண்ணு கெடந்துது, ஒட்டியாச்சு. நீங்க ஒண்ணும் சங்கடப்பட்டுக்காதீங்க.” சடங்கு செய்ய வந்த பெரியவர், “ஊட்டுக்காரரு கடைசியா ஒருக்காப் பாத்துக்குங்க. அப்பறம் எடுத்தரலாமுங்க” என்றார். சென்னியப்பனின் கை வேட்டி மடிப்புக்குள் மூடியே இருந்தது. விரல் திறக்கவில்லை, இனி யாரிடம் திறந்து காட்டுவது? குனிந்தார். அவளைப் பார்க்கத்தான் குனிந்தார், சத்தியமாக அவளைப் பார்க்கத்தான். மூடிய இமை, மூக்குத்தி கழற்றின துளை, உதட்டோரத்தில் எப்போதும் ஏதோ சொல்ல வருவது போல் இருக்கும் அந்தக் கோணல், இதையெல்லாம் கண்ணில் ஏற்றிக்கொள்ள வேண்டும், இனி இல்லை. நெற்றிக்கு நடுவில் அந்த ரூபாய். பல கை பட்டுத் தேய்ந்து மங்கிப்போன சாதாரண ரூபாய். பார்க்காதே என்று சொல்லிக்கொண்டார். கண் போய்விட்டது. ஆண்டைப் படித்தது. ஆண்டுக்குக் கீழே குங்குமம் ஏறியிருந்தது, சரியாகத் தெரியவில்லை. அங்கேதான் எந்த ஊரில் அடித்த காசு என்பதற்குக் குறி இருக்கும். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சாய்சதுரம் இருந்தால் மும்பை, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா, சின்னப் புள்ளி இருந்தால் நொய்டா. அவர் இன்னும் குனிந்தார். மூக்கு அவள் நெற்றியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். “பாருங்க சாமி, மனுசன் எப்படிப் பாக்கறாருன்னு” என்று பின்னால் ஒரு பெண் குரல் உடைந்தது. அதைத் தொடர்ந்து கூடம் முழுக்க அழுகை கிளம்பிற்று. சுகந்தி மட்டும் அழவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயசில் அவர் மடியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியால் இந்தக் குறிகளைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவள். அப்பாவைத் தூக்கிவிடுகிறவளைப் போல அவளும் பக்கத்தில் குனிந்து, அவர் காதோரம் வாயை வைத்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“எந்த ஊருக் காசுப்பா?”

அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று அவர் தேடினார். துளிகூட இல்லை.

“நொய்டா” என்றார் சென்னியப்பன். துளசிமணி போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.